கெமிக்கல் இன்ஜினியரிங், சாஃப்ட்வேர் ரெண்டையும் சேர்த்து ஒரே வேலையா செய்யணுமா? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு கோடிங்ல ஆர்வம் வந்துட்டா முதல்ல கேக்குற கேள்வி "இப்ப நான் எதை விடணும்?"ங்கறதுதான். எதையும் விட வேண்டாம். ரெண்டும் சேர்ந்து தேவைப்படுற வேலைகள் ரொம்ப காலமாவே இருக்கு, இன்னைக்கு வந்த ஃபேஷன் இல்ல. பிளான்டை கம்ப்யூட்டர்ல மாடல் பண்ற ஆஸ்பென் சிமுலேட்டர் 1970கள்ல எம்ஐடில ஒரு ஆராய்ச்சி ப்ராஜெக்டா ஆரம்பிச்சு 1981ல கம்பெனியா மாறினது. ரிஃபைனரிகள்ல இப்பவும் ஓடுற மாடல் ப்ரிடிக்டிவ் கண்ட்ரோலோட (அடுத்து என்ன ஆகும்னு ஒரு மாடல் வச்சு கணிச்சு பிளான்டை ஓட்டுற முறை) ஆரம்ப வடிவங்கள்ல ஒண்ணான டைனமிக் மேட்ரிக்ஸ் கண்ட்ரோல், அதே 1970கள்ல ஷெல் கம்பெனி இன்ஜினியர்கள் உருவாக்கினது. இதையெல்லாம் செஞ்சவங்க ப்ராசஸும் தெரிஞ்சு ப்ரோக்ராமும் எழுதத் தெரிஞ்சவங்க.

கோட் எழுதத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க, டிஸ்டிலேஷன் தெரிஞ்சவங்களும் நிறைய பேர் இருக்காங்க, ஆனா ஸ்க்ரீன்ல வர்ற ஒரு நம்பரைப் பார்த்ததும் "இது நடக்க வாய்ப்பே இல்லையே"ன்னு உணர்ந்து, அதுக்கப்புறம் கோடுக்குள்ள போய் எங்க தப்புன்னு கண்டுபிடிச்சு சரியும் பண்றவங்க கம்மி. நீங்க அந்த ஆளா ஆகணும். கீழ சொல்லியிருக்கற எல்லா படியும் அதுக்காகத்தான்.

படி 1: எந்தப் பக்கம் போகப் போறீங்கன்னு சுமாரா பாத்துக்கோங்க

இந்த ரெண்டும் சேர்ற இடம் ஒண்ணு இல்ல, பல இருக்கு. ப்ராசஸ் சிமுலேஷன், அதாவது பிளான்டை கம்ப்யூட்டர்ல மாடல் பண்றது. கண்ட்ரோல், அதாவது பிஐடி லூப்ல (டெம்பரேச்சர், ஃப்ளோ மாதிரி ஒரு அளவை சொன்ன இடத்துல பிடிச்சு வைக்கற சாதாரண கண்ட்ரோலர்) ஆரம்பிச்சு அட்வான்ஸ்டு ப்ராசஸ் கண்ட்ரோல் வரைக்கும். பிளான்ட் டேட்டா, அதாவது ஹிஸ்டோரியன்ல (பிளான்ட் ரீடிங்கை நேரத்தோட சேமிச்சு வைக்கற டேட்டாபேஸ்) சேர்ந்து கிடக்கற சென்சார் டேட்டாவை வச்சு சாஃப்ட் சென்சார் (நேரா அளக்க முடியாததை மத்த ரீடிங்லேர்ந்து கணக்கு போட்டு சொல்றது) கட்டுறது, கோளாறை முன்கூட்டியே கண்டுபிடிக்கறது. சிமுலேட்டர் மாதிரி சாஃப்ட்வேரையே உருவாக்குற கம்பெனிகள்ல டெவலப்பரா போறது. அப்புறம் சிஎஃப்டி (திரவம், வாயு ஓடுறதை கம்ப்யூட்டர்ல கணக்கு போடறது), மருந்து தயாரிப்புல பேட்ச் ஆட்டோமேஷன், மாலிக்யூல் டேட்டாவோட வேலை பாக்குற கெமின்ஃபர்மேட்டிக்ஸ்.

இப்பவே ஒண்ணை முடிவு பண்ணணும்னு அவசியம் இல்ல. ஆனா கணக்குல சுகம் காணுறவங்களுக்கு சிமுலேஷனும் கண்ட்ரோலும் பிடிக்கும், குழப்பமான டேட்டாவைத் தோண்டிப் பாக்கப் பிடிச்சவங்களுக்கு பிளான்ட் டேட்டா பிடிக்கும், இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. என்னைக் கேட்டா ஆரம்பத்துல பிளான்டுக்குப் பக்கத்துல இருக்கற வேலையா எடுங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா சாஃப்ட்வேரைப் பின்னாடி எங்க உக்காந்தும் கத்துக்கலாம், ஒரு கம்ப்ரெசர் ட்ரிப் ஆகும்போது கண்ட்ரோல் ரூம்ல என்ன நடக்குதுங்கறதை பாத்தாத்தான் தெரியும்.

படி 2: டூல்ஸ், கொஞ்சமா போதும்

பைத்தான் எடுங்க. நம்பை, சைபை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப் இது நாலும் பழகுங்க. கூடவே எஸ்க்யூஎல்ல செலக்ட், ஜாயின், க்ரூப் பை எழுதுற அளவுக்கு, கிட்ல (கோடோட மாற்றங்களைப் பதிவு பண்ற டூல், Git) கமிட், பிராஞ்ச், மெர்ஜ் பண்ற அளவுக்கு. அவ்ளோதான், ஆரம்பிக்க இது போதும். வெப் ஃப்ரேம்வொர்க், கிளவுட் சர்டிஃபிகேட், டீப் லேர்னிங் கோர்ஸ்னு லிஸ்ட் போட்டுட்டு உக்காந்தா வருஷம் ஓடிடும், ஒரு ரியாக்டரைக்கூட மாடல் பண்ணியிருக்க மாட்டீங்க. எக்செலையும் கேவலமா பாக்காதீங்க, உலகம் முழுக்க ப்ராசஸ் இன்ஜினியர்கள் தினமும் வேலை பாக்குறது அதுலதான், நீங்க எழுதுற கோட் கடைசில ஒரு எக்செல் ஃபைலைப் படிச்சு இன்னொரு எக்செல் ஃபைலை எழுதுறதாத்தான் பல நேரம் இருக்கும்.

படி 3: சின்ன கணக்கு ஒண்ணை முழுசா முடிங்க

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீங்க. பென்சீன், டொலுயீன் கலவையை எடுத்துக்குங்க, பாதிக்குப் பாதி மோல், பிரஷர் 1 அட்மாஸ்ஃபியர். இதை ஃப்ளாஷ் பண்ணா, அதாவது ஒரு டெம்பரேச்சர்ல திரவமும் ஆவியுமா பிரிய விட்டா, எவ்வளவு ஆவியாகும்? எல்லாரும் காலேஜ்ல கால்குலேட்டர் தட்டிப் போட்ட கணக்குதான், ஆனா கோடா எழுதிப் பாக்கும்போது நிறைய விஷயம் வெளிய வரும்.

முதல்ல ஆன்டைன் ஈக்வேஷனுக்கு ஒரு ஃபங்ஷன் எழுதுங்க, டெம்பரேச்சர் குடுத்தா வேப்பர் பிரஷர் தரணும். எழுதினதும் தண்ணிக்கு செக் பண்ணுங்க: ஏ 8.07131, பி 1730.63, சி 233.426 போட்டு 100 டிகிரி செல்சியஸ் குடுத்தா 760 மில்லிமீட்டர் மெர்க்குரி வரணும். வரலைன்னா மேல போகாதீங்க. இந்த செக்கையே ஒரு டெஸ்டா எழுதி வச்சுடுங்க, நாளைக்கு கோடை மாத்தும்போது அது தானா ஓடட்டும்.

அடுத்தது பபிள் பாயின்ட், அதாவது கலவை கொதிக்க ஆரம்பிக்கற டெம்பரேச்சர். பென்சீன் கொதிக்கிறது சுமார் 80 டிகிரில, டொலுயீன் சுமார் 111ல. பாதிக்குப் பாதின்னா நடுவுல 95, 96 வரும்னு தோணும், ஆனா ரவுல்ட் விதி போட்டு சால்வ் பண்ணா 92 பக்கத்துல வரும், அங்க கிளம்புற முதல் ஆவில பென்சீன் 71 சதவீதம் இருக்கும். ட்யூ பாயின்ட், அதாவது கடைசித் துளியும் ஆவியாகுற டெம்பரேச்சர், சுமார் 99. ஆக 92க்கும் 99க்கும் நடுவுலதான் திரவம், ஆவின்னு ரெண்டு ஃபேஸும் சேர்ந்து இருக்கும். இப்ப 95 டிகிரிக்கு, எவ்வளவு பங்கு ஆவியாச்சுன்னு சொல்ற ரேச்ஃபோர்ட்-ரைஸ் ஈக்வேஷனை சால்வ் பண்ணுங்க, சுமார் 43 சதவீதம் ஆவின்னு வரும்.

இப்ப அதே கோடுக்கு 90 டிகிரி குடுத்துப் பாருங்க. சால்வர் எந்த எரரும் காட்டாம ஒரு பதில் தரும்: ஆவி மைனஸ் 38 சதவீதம்! கணக்கா பாத்தா அந்த ரூட் சரியானதுதான், ஈக்வேஷன் அங்க ஜீரோ ஆகுது. ஆனா 90 டிகிரில அந்தக் கலவை கொதிக்கவே ஆரம்பிக்கல, எல்லாமே திரவம். அதனால 0க்கும் 1க்கும் நடுவுல ரூட் இருக்கான்னு முதல்ல பாத்துட்டு, இல்லைன்னா "ஒரே ஃபேஸ்"னு சொல்ற மாதிரி நீங்கதான் எழுதணும். ரேச்ஃபோர்ட்-ரைஸ் அந்த ரேஞ்சுல ஒரே திசைல இறங்குற ஃபங்ஷன்ங்கறதால பைசெக்ஷனோ பிரென்ட் முறையோ போட்டா மாட்டிக்காது, இனிஷியல் கெஸ் குடுத்து அதிர்ஷ்டத்தை நம்புற நிலைமை வராது. இந்த ஒரு சின்ன ப்ரோக்ராம்ல தெர்மோவும் இருக்கு, நியூமரிக்கல் மெத்தடும் இருக்கு, டெஸ்டிங்கும் இருக்கு. வேலைல பண்றதும் இதேதான், அளவு மட்டும்தான் பெருசு.

யூனிட் பத்தி ஒரு வார்த்தை. மேல சொன்ன ஆன்டைன் நம்பர்கள் மில்லிமீட்டர் மெர்க்குரிக்கும் செல்சியஸுக்கும் உண்டானது, இன்னொரு புக்ல அதே பொருளுக்கு பார், கெல்வின்னு வேற நம்பர்கள் இருக்கும், மாத்திப் போட்டா கோட் ஒண்ணும் சொல்லாது. பிரஷர்ல கேஜா (வெளிக்காத்தோட பிரஷருக்கு மேல எவ்வளவு) அப்சல்யூட்டா (ஜீரோலேர்ந்து எவ்வளவு)ங்கறது இன்னொரு கண்ணி. 1999ல நாசாவோட மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய் கிட்ட போய் அழிஞ்சதுக்குக் காரணமே ஒரு சாஃப்ட்வேர் பவுண்ட்-ஃபோர்ஸ் செகண்ட்ல குடுத்ததை இன்னொண்ணு நியூட்டன் செகண்ட்னு எடுத்துக்கிட்டதுதான். அதனால உள்ள எல்லாமே எஸ்ஐ யூனிட், மாத்துறது உள்ள வரும்போதும் வெளிய போகும்போதும் மட்டும்னு வச்சுக்கோங்க, இல்லைன்னா பின்ட் மாதிரி யூனிட்டையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போற லைப்ரரியை யூஸ் பண்ணுங்க.

படி 4: நேரத்தோட மாறுற விஷயத்துக்கு வாங்க

ஸ்டெடி ஸ்டேட் கணக்கு கைவந்ததும் ஒரு சிஎஸ்டிஆர் (கலக்கிக்கிட்டே இருக்கற, ஃபீட் தொடர்ந்து உள்ள வந்து வெளிய போற டேங்க் ரியாக்டர்) எடுங்க, எக்சோதெர்மிக் ரியாக்ஷன், கூலிங் ஜாக்கெட்டோட. ஒரு மாஸ் பேலன்ஸ், ஒரு எனர்ஜி பேலன்ஸ், ரெண்டே டிஃபரென்ஷியல் ஈக்வேஷன், சைபைல இருக்கற ஓடிஇ சால்வர்கிட்ட குடுங்க. ஆரம்ப டெம்பரேச்சரைக் கொஞ்சம் மாத்தினா முடிவு வேற ஸ்டெடி ஸ்டேட்ல போய் நிக்குதான்னு பாருங்க, சரியான பாராமீட்டர் குடுத்தா நிக்கும், ரன்அவேங்கறது (சூடு கட்டுக்கடங்காம ஏறுறது) என்னன்னு அப்ப கிராஃப்லயே தெரியும். சால்வர் நத்தை மாதிரி நகர்ந்தா பிரச்சனை ஸ்டிஃப்பா (சில மாற்றம் ரொம்ப வேகமா, சில மாற்றம் ரொம்ப மெதுவா) இருக்கலாம், பிடிஎஃப் இல்ல ராடாவ் முறைக்கு மாத்துங்க.

அதுக்கு மேல ஒரு பிஐடி கண்ட்ரோலரை நீங்களே எழுதி மாட்டுங்க. ட்யூனிங்க்கு 1942ல ஜீக்லரும் நிக்கோல்ஸும் குடுத்த முறைல ஆரம்பிக்கலாம், அது கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், அங்கேர்ந்து குறைச்சுக்கிட்டே வாங்க. வால்வ் 100 சதவீதத்துக்கு மேல திறக்காதுன்னு லிமிட் போட்டுப் பாருங்க, இன்டெக்ரல் டெர்ம் உள்ளுக்குள்ள ஏறிக்கிட்டே போறது தெரியும், அதைத் தடுக்க என்ன பண்ணணும்னு யோசிச்சு எழுதுங்க. இதை ஒருதடவை கையால பண்ணவங்களுக்கு டிசிஎஸ் (பிளான்டை ஓட்டுற கண்ட்ரோல் சிஸ்டம்) கான்ஃபிகரேஷன் ஸ்க்ரீன்ல ஒவ்வொரு ஆப்ஷனும் ஏன் இருக்குன்னு புரிஞ்சிடும்.

படி 5: ரெடிமேட் சிமுலேட்டரோட ஒப்பிடுங்க

டிடபிள்யூசிம்னு (DWSIM) ஒரு சிமுலேட்டர் இருக்கு, இலவசம், ஓப்பன் சோர்ஸ். நீங்க எழுதின பென்சீன் டொலுயீன் ஃப்ளாஷை அதுலயும் போட்டுப் பாருங்க. கொஞ்சம் வித்தியாசம் வரும், ஏன்னு தோண்டுங்க, நீங்க ஐடியல்னு எடுத்ததை அது பெங்-ராபின்சன்ங்கற ஐடியல் இல்லாத மாடல்ல போட்டிருக்கலாம். எத்தனால் தண்ணிக்கும் போடுங்க, ரவுல்ட் விதி அங்க படுத்துடும், என்ஆர்டிஎல் மாதிரி ஆக்டிவிட்டி மாடல் போட்டாத்தான் அசியோட்ரோப்பே (ஆவியும் திரவமும் ஒரே கலவையா கொதிக்கிற புள்ளி) வரும். ப்ராபர்ட்டிக்கு கூல்ப்ராப், ரியாக்ஷன் கைனெடிக்ஸுக்கு கான்டெரா, ஆப்டிமைசேஷனுக்கு பயோமோ, இதெல்லாம் பைத்தான்லேர்ந்தே கூப்பிடலாம், தேவை வரும்போது எடுத்துக்கோங்க.

படி 6: பிளான்ட் டேட்டா, இங்க நிதானமா போங்க

சாஃப்ட்வேர் பக்கத்துலேர்ந்து வர்றவங்க அதிகமா அடிபடுறது இங்கதான். பழக டேட்டா இல்லையேன்னு கவலைப்படாதீங்க, டென்னசி ஈஸ்ட்மேன்னு ஒரு மாதிரி பிளான்ட் இருக்கு, 1993ல டவுன்ஸும் வோகெலும் வெளியிட்டது, 41 அளவீடு, 12 கண்ட்ரோல் வேரியபிள், விதவிதமான கோளாறுகள். சிமுலேட் பண்ண டேட்டா இலவசமாவே கிடைக்குது. அதை எடுத்து, கோளாறு எப்ப ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்கற ஒரு ப்ரோக்ராம் எழுதுங்க, முதல்ல வெறும் பிசிஏ (நிறைய வேரியபிளை சில முக்கிய திசைகளா சுருக்குற முறை) போதும்.

நிஜ பிளான்ட்ல என்னென்ன வேற மாதிரி இருக்கும்னு கேட்டா, முதல்ல ஹிஸ்டோரியன். இடம் மிச்சம் பண்றதுக்காக அது எல்லா ரீடிங்கையும் சேமிக்கறது இல்ல, மாற்றம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினாத்தான் ஒரு புள்ளி வைக்கும், நீங்க ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு கேட்டா நடுவுல கோடு போட்டு நிரப்பிக் குடுக்கும். அதுல ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எடுத்து "சிக்னல் ரொம்ப அமைதியா இருக்கு"ன்னு சொன்னா அது கம்ப்ரெஷனோட குணம், ப்ராசஸோடது இல்ல. அடுத்தது லேப் ரிசல்ட். சாம்பிள் எடுத்த நேரம் ஒண்ணு, ரிசல்ட் என்ட்ரி பண்ண நேரம் இன்னொண்ணு, சில மணி நேரம் தள்ளிக்கூட இருக்கும், இதை சரி பண்ணாம மாடல் கட்டினா வீண். அப்புறம் ட்ரெயின், டெஸ்ட்னு பிரிக்கும்போது வரிசைகளைக் குலுக்கிப் பிரிக்காதீங்க, பக்கத்துப் பக்கத்து நிமிஷங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கறதால மாடல் பிரமாதமா தெரியும், பிளான்ட்ல போட்டா விழுந்துடும். பழசுல கத்துக்கொடுத்து புதுசுல சோதிங்க.

இன்னொண்ணு இருக்கு, இது கண்ட்ரோல் படிச்சவங்களுக்கு மட்டும்தான் டக்குனு புரியும். ரியாக்டர் டெம்பரேச்சரை ஒரு கண்ட்ரோலர் இறுக்கமா 80 டிகிரில பிடிச்சு வச்சிருக்குன்னு வைங்க. டேட்டால டெம்பரேச்சர் நேர்கோடா இருக்கும், மெஷின் லேர்னிங் மாடல் அதைப் பாத்துட்டு "டெம்பரேச்சருக்கும் ப்ராடக்ட் தரத்துக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு சொல்லும்! உண்மைல அதுதான் எல்லாத்தையும் விட முக்கியமான வேரியபிள், அதனாலதான் கண்ட்ரோலரே போட்டிருக்காங்க. நடக்கற கலாட்டா எல்லாம் கூலிங் வாட்டர் வால்வ் பொசிஷன்ல போய் ஒளிஞ்சிருக்கும், அங்க பாருங்க.

அமெரிக்காவுல இருக்கற டெக்சஸ் சிட்டி ரிஃபைனரில 2005 மார்ச் 23ம் தேதி நடந்த விபத்தை இந்தத் துறைக்கு வர்ற ஒவ்வொருத்தரும் படிச்சே ஆகணும். 15 பேர் இறந்தாங்க, 180 பேருக்குக் காயம். ஸ்டார்ட்அப் அப்போ 170 அடி உயர டவருக்குள்ள மணிக்கணக்கா ஃபீட் போய்க்கிட்டே இருக்கு, அடியிலேர்ந்து வெளிய எதுவும் போகல. லெவல் ட்ரான்ஸ்மிட்டர் அளக்கறது அடில சுமார் 10 அடி மட்டும்தான், அதுவும் டிஸ்ப்ளேசர் வகை, திரவத்துல முங்குற ஒரு உருளை மேல தூக்கப்படுற விசையை வச்சு லெவல் சொல்றது. அது முழுசா மூழ்கினதுக்கப்புறம் லெவலைக் காட்டாது, திரவத்தோட டென்சிட்டிக்குத் தகுந்த மாதிரி நகரும், திரவம் சூடாகி டென்சிட்டி குறையக் குறைய ரீடிங்கும் இறங்கும். ஸ்க்ரீன்ல லெவல் மெதுவா இறங்கி 78 சதவீதம்னு காட்டினப்போ உள்ள நிஜமா 158 அடிக்கு திரவம் நின்னுச்சு. உள்ள போற ஃப்ளோவும் வெளிய வர்ற ஃப்ளோவும் ஒரே ஸ்க்ரீன்ல இல்ல, ரெண்டையும் கழிச்சு "உள்ள இவ்வளவு சேர்ந்திருக்கு"ன்னு சொல்ற கணக்கும் இல்லன்னு அமெரிக்க கெமிக்கல் சேஃப்டி போர்டோட விசாரணை சொல்லுது. அந்தக் கணக்கு கோடா எழுதினா சில வரிதான், முதல் செமஸ்டர் மாஸ் பேலன்ஸ். சென்சாரை நம்பாம பேலன்ஸைப் போட்டுப் பாக்கற புத்தியும், அதை ஆபரேட்டர் கண்ணுல படற மாதிரி ஸ்க்ரீன்ல கொண்டுவர்ற திறமையும் ஒரே ஆள்கிட்ட இருந்தா அதுக்கு எவ்வளவு மதிப்புன்னு யோசிச்சுப் பாருங்க.

சாஃப்ட்வேர்லேர்ந்து வர்றவங்களா இருந்தா

உங்களுக்கு வழி கொஞ்சம் வேற. மாஸ் பேலன்ஸ், எனர்ஜி பேலன்ஸ்ல ஆரம்பிங்க, மெஷின் லேர்னிங்ல ஆரம்பிக்காதீங்க. அப்புறம் பம்ப், வால்வ், ஹீட் எக்ஸ்சேஞ்சர், டிஸ்டிலேஷன் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. பைப்பிங் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் டயக்ரம் படிக்கக் கத்துக்கோங்க, டிஐசின்னா டெம்பரேச்சர் இண்டிகேட்டிங் கண்ட்ரோலர், எஃப்டின்னா ஃப்ளோ ட்ரான்ஸ்மிட்டர், இந்த எழுத்துங்கதான் டேட்டாபேஸ்ல டேக் பெயரா உங்க முன்னாடி வந்து நிக்கும். மோட்பஸ், ஓபிசி யுஏ (ரெண்டும் பிளான்ட் கருவிகள் டேட்டா பேசிக்கிற முறைகள்), பிஎல்சிக்கான (மெஷினை ஓட்டுற தொழிற்சாலை கம்ப்யூட்டர்) ப்ரோக்ராம் மொழிகளைச் சொல்ற ஐஇசி 61131-3 இதெல்லாம் உங்களுக்கு சீக்கிரமே வந்துடும்.

படி 7: காட்டுறதுக்கு ஒரு ப்ராஜெக்ட்

அரைகுறையா பத்து வேண்டாம், ஒண்ணு முழுசா. டெஸ்டோட, யூனிட் தெளிவா எழுதி, எந்த ரேஞ்சுக்கு வெளிய இந்த மாடலை நம்பக்கூடாதுன்னு ரீட்மில சொல்லி வையுங்க. அந்தக் கடைசி விஷயத்தை எழுதுறவங்க கம்மி, ப்ராசஸ் ஆளுங்க முதல்ல தேடுறதே அதைத்தான். ஏஐ டூல் வச்சு கோட் எழுத வைக்கறது தப்பில்ல, ஆனா அது எழுதினதை ஓட்டி உள்ள போற மாஸும் வெளிய வர்ற மாஸும் சமமா இருக்கான்னு நீங்க பாக்கணும், ஆன்டைன் நம்பர்களை புக்ல சரி பாக்கணும், இல்லைன்னா பாக்க அழகா இருக்கற தப்பு கோடுதான் மிஞ்சும்.

படி 8: வேலைல சேர்ந்ததும்

முதல் சில மாசம் சின்னதா ஏதாவது உதவியா செய்யுங்க. யாரோ தினமும் காலைல ஹிஸ்டோரியன்லேர்ந்து காப்பி பேஸ்ட் பண்ணி ஒரு ரிப்போர்ட் போட்டுக்கிட்டு இருப்பாங்க, அதை தானா ஓட வைங்க. நியூரல் நெட்வொர்க் மாட்டறதை விட அதுக்குத்தான் முதல்ல நன்றி சொல்வாங்க, அப்புறம் அவங்களே பிரச்சனையைக் கொண்டு வந்து உங்க டேபிள்ல வைப்பாங்க. ஷிஃப்ட் ஆபரேட்டர்கள் கிட்ட பேசுங்க, லாக்புக் படிங்க. எந்த ட்ரான்ஸ்மிட்டர் பொய் சொல்லும், எந்த வால்வ் ஒட்டிக்கும்னு அவங்களுக்கு மனப்பாடமா தெரியும், எந்த டேட்டாபேஸ்லயும் அது இருக்காது.

சில விஷயத்துல கண்டிப்பா இருங்க. உங்க ப்ரோக்ராம் பிளான்ட் டேட்டாவைப் படிக்க மட்டும் செய்யட்டும், கண்ட்ரோல் சிஸ்டத்துக்குள்ள எழுதுறதுன்னா அது மேனேஜ்மென்ட் ஆஃப் சேஞ்ச் (எந்த மாற்றத்தையும் முன்னாடியே ஆராய்ஞ்சு ஒப்புதல் குடுக்கற நடைமுறை) வழியா, முறையான அனுமதியோட மட்டும். சேஃப்டி இன்ஸ்ட்ருமென்டட் சிஸ்டம் (ஆபத்து வந்தா பிளான்டை தானா நிறுத்துற தனி சிஸ்டம்) பக்கமே போகாதீங்க, அதுக்குன்னு ஐஇசி 61511னு தனி விதிமுறை இருக்கு, தனி ஆளுங்க இருக்காங்க. 2017ல ட்ரைட்டன்னு பேர் வச்ச மால்வேர் ஒரு பெட்ரோகெமிக்கல் பிளான்டோட சேஃப்டி கண்ட்ரோலர்களையே குறி வச்சது, நெட்வொர்க் ஆளுங்க ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஆயிரம் கேள்வி கேட்டா அதுக்குக் காரணம் இருக்கு, பொறுமையா பதில் சொல்லுங்க. கம்பெனி டேட்டாவை பப்ளிக் கிட் ரெப்போவுலயோ வெளில இருக்கற ஏஐ டூல்லயோ போடாதீங்க, டேக் பெயரும் ரெசிபியும்கூட ரகசியம்தான்.

வேலை தேடும்போது "கெமிக்கல் இன்ஜினியர்"னு மட்டும் தேடாதீங்க. ப்ராசஸ் கண்ட்ரோல் இன்ஜினியர், ஏபிசி இன்ஜினியர், சிமுலேஷன் இன்ஜினியர், ப்ராசஸ் டேட்டா சயின்டிஸ்ட், ஆட்டோமேஷன் இன்ஜினியர், எம்இஎஸ் (உற்பத்தியை நிர்வகிக்கற சாஃப்ட்வேர்) இன்ஜினியர்னு பல பேர்ல இருக்கும். ஏபிசின்னா (APC) மேல சொன்ன அட்வான்ஸ்டு ப்ராசஸ் கண்ட்ரோல். இன்டர்வியூல அவங்க கேக்கறதோட விட்டுடாம நீங்களும் கேளுங்க: இதுக்கு முன்னாடி போட்ட மாடல் இப்பவும் ஓடுதா, ஓடலைன்னா எப்ப, ஏன் ஆஃப் பண்ணாங்க? ஹிஸ்டோரியன்ல எத்தனை வருஷ டேட்டா இருக்கு, அதுக்கு அனுமதி வாங்க எவ்வளவு நாள் ஆகும்? எழுதின கோடை ரிவ்யூ பண்ண டீம்ல யாராவது இருக்காங்களா? கண்ட்ரோல் ரூமுக்கு நான் போய் உக்கார முடியுமா? கடைசி கேள்விக்கு "அதெல்லாம் தேவைப்படாது, இங்க உக்காந்தே பண்ணலாம்"னு பதில் வந்தா, வேற ஆஃபர் கைல இருக்கான்னு ஒருதடவை பாத்துக்கோங்க.